இலவு காத்த வௌவால்

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் செல்லும் சாலையில், ஊர் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் பிரிகின்ற வண்டித்தடத்தின் கோடியில், எங்கள் பெரியப்பாவின் கிணற்றுமேட்டிலே ஓர் இலவமரம் நிற்கிறது. நேராக எழுந்து, அடுக்கடுக்காகக் கிளைகளைப் பக்கவாட்டில் நீட்டி, அடியில் பலகை பலகையாய் வேர் புடைத்து, மழைக்காலத்தில் பச்சைக் கோபுரமாகவும் மார்கழிக்கு மேல் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கொம்பாகவும் காட்சி தருகிற அந்த மரத்தைப் பால்யம் முதல் நான் பார்த்து வந்திருக்கிறேன். அது காய்க்கும், சித்திரையில் வெடிக்கும், வெடித்த பஞ்சை அள்ளிக் கொட்டை நீக்கி அம்மா தலையணை தைப்பாள் என்பதெல்லாம் தெரியுமேயன்றி, அந்தக் காய் எவருடைய உபகாரத்தால் உண்டாகிறது என்று ஒரு நாளும் நான் விசாரித்ததில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் பெரியப்பா அந்த மரத்தை வெட்டிப் பெட்டிப் பலகைக்கு விற்றுவிடுவது என்று தீர்மானம் செய்தார். ஃபோம் மெத்தை வந்த பிறகு இலவம்பஞ்சை ஏறிப் பறிக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வௌவால். தை மாசி மாதங்களில் ராத்திரியெல்லாம் மரத்தில் சிறகடிப்பும் கீச்சொலியும் சண்டையுமாக இருக்கின்றன என்றும், காலையில் பார்த்தால் கிணற்றுமேடு முழுதும் பூ கொட்டிக் கிடக்கிறது என்றும், வீட்டு ஓட்டின்மேல் எச்சம் படிந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னார்.

"பகல்ல தேனீ மொய்க்குது, அணில் ஓடுது, அதெல்லாம் பரவால்ல தம்பி. ராவானா இந்த வௌவாலுங்க வந்து பூவையெல்லாம் தின்னுபோட்டா, காய் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

எண்பது வயதைத் தொட்டவர். அந்த மண்ணையும் மரத்தையும் என்னைவிட ஆயிரம் மடங்கு அறிந்தவர். அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு அப்போது போதிய ஞானம் இல்லை. "பெரியப்பா, தை மாசம் முடியட்டும். ரெண்டு ராத்திரி அங்கேயே உக்காந்து பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மர வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல், ஆனால் மரத்தை வெட்டவும் சொல்லாமல், அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்டார்.

நம்முடைய பாஷையில் இலவத்தின் பேரோடு ஒட்டிப் பிறந்த பிராணி கிளிதான். காய் பழுக்கும், தின்னலாம் என்று காத்திருந்த கிளி, கடைசியில் அது வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததைக் கண்டு ஏமாந்தது என்கிற கதையை அறியாத தமிழ்க் குழந்தை இராது. அந்தப் பழமொழியை உண்டாக்கியவர் மரத்தைக் கூர்ந்து கவனித்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அவர் கவனித்தது பகலில். பொழுது சாய்ந்ததும் அவர் வீடு திரும்பிவிட்டார். கிளியும் கூடு சேர்ந்துவிட்டது. மரம் தன் பிரதான காரியத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதை நான் தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், கயிற்றுக் கட்டிலைக் கிணற்றுமேட்டில் போட்டுக்கொண்டு, டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது கண்ணாரக் கண்டேன்.

மாலையில் மரத்தில் மொக்குகள் மட்டுமே இருந்தன. கிணற்றுக் கட்டின்மேல் ஏறி நின்றால் முகத்துக்கு நேரே வருகிற தாழ்ந்த கிளை ஒன்று இருந்ததால், கொத்துக்கொத்தாகத் தொங்கிய அம்மொக்குகளை அருகில் பார்க்க முடிந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, வானத்தில் வெளிச்சம் இருந்தும் தரையில் நிழல் இல்லாத அந்தச் சிறிய இடைவேளையில், பச்சைக் கிண்ணம் போன்ற புல்லியிலிருந்து ஐந்து இதழ்கள் மெல்ல வாய் திறந்தன. வெளிப்புறம் பட்டுப்போல் நுண்ணிய ரோமம். உள்ளே பாலேடு போன்ற மங்கிய வெண்மை. நடுவில் ஐந்து மகரந்தக் கால்கள், அவற்றின் நுனியில் முறுக்கிக்கொண்ட மகரந்தப் பைகள், அவற்றையும் தாண்டி நீண்டிருக்கும் சூல்தண்டு. விரலால் புல்லிக் கிண்ணத்தை லேசாகச் சாய்த்தேன். தேன் துளி விரலில் வழிந்தது. மணம் என்று சொன்னால் மல்லிகையையோ சம்பங்கியையோ நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். புளிக்கத் தொடங்கிய பாலைப் போன்ற ஒரு வாடை அது. நம் நாசிக்கு அது இனியதன்று. நம்மை உத்தேசித்து அந்த வாடை உண்டாகவும் இல்லை.

நன்றாக இருட்டிய பிறகு முதல் வௌவால் வந்தது. வந்தது என்பதைக் கண் அறியுமுன் காது அறிந்தது. ஈரத்துணியை ஒருமுறை உதறினாற்போல ஒரு சப்தம். சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பியபோது, உள்ளங்கையில் அடங்கக்கூடிய சிறு உருவம் ஒன்று, பூங்கொத்தைச் சிறகின் கட்டைவிரல்களால் பற்றிக்கொண்டு, நாய்க்குட்டியினுடையதைப் போன்ற முகத்தைப் பூவுக்குள் அழுத்தியது. இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் அது அங்கே தங்கவில்லை. பற்றியது, நக்கியது, பறந்தது. கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அடுத்தது, பிறகு மற்றொன்று. ஒரு தடவை, பக்கத்து வேப்பமரக் கிளையில் தலைகீழாய்த் தொங்கி, தன் மார்பு ரோமத்தை அவசர அவசரமாக நக்கிக்கொண்டிருந்த ஒன்றின்மேல் வெளிச்சம் பட்டது. அதன் கழுத்தும் மார்பும் மஞ்சள் பொடி தூவினாற்போல் இருந்தன. மகரந்தத்தை நக்கித் தின்பது அதற்குப் புரதச்சத்து. நக்கியது போக ரோமத்தில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவது மரத்துக்குச் சந்ததி.

குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று புஸ்தகங்கள் குறிப்பிடும் இனம் இது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் வரிசையாய் நிற்கும் நெட்டிலிங்க மரத்தின் அடர்ந்த தழைக்குள், காம்புகளைக் கடித்து மடக்கிக் கூடாரம் போல் அமைத்துக்கொண்டு பகலில் உறங்குவது இதுதான். அக்கூடாரத்தைக் கட்டுவது ஆண் என்பதும், பெண்கள் பிறகு வந்து சேர்கின்றன என்பதும் பாளையங்கோட்டைப் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் கண்டெழுதிய செய்தி.

நள்ளிரவுக்கு முன்னரே பெரிய வௌவால்கள் வந்தன. பெரியப்பாவின் தூக்கத்தைக் கெடுப்பவை இவைதாம். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் போகும். எடையும் ஒரு கிலோவை எட்டும், தாண்டும். இவை பூவுக்குப் பூ பறக்கவில்லை. கிளையில் இறங்கி, பின்கால்களாலும் கட்டைவிரலாலும் பற்றிப் பற்றி நடந்து, ஒவ்வொரு கொத்தாக நுகர்ந்தன. ஒன்றின் கிளைக்கு இன்னொன்று வந்தால் சிறகை ஓங்கிக் கூச்சலிட்டன. விரட்டப்பட்டது வேறு மரத்தைத் தேடிப் பறந்தது. இந்தச் சண்டையில் பல பூக்கள் உதிர்ந்ததும் உண்மை. ஆனால் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. விரட்டப்படுவதனால் அல்லவா அது அடுத்த மரத்துக்குப் போகிறது? போகும்போது வெறுமையாகவா போகிறது? முகமெல்லாம் இந்த மரத்தின் மகரந்தத்தைப் பூசிக்கொண்டுதானே போகிறது?

விடிந்ததும் பகற்சபை கூடிற்று. சூரிய கிரணம் மேல்கிளையைத் தொட்டவுடன் மலைத்தேனீக்களும் அடுக்குத்தேனீக்களும் வந்து மொய்த்தன. கொசுத்தேனீக்கள் கூட வந்தன. தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கி அலகை நுழைத்தது. மைனாக்கள், காகங்கள், இரண்டு அணில்கள் எல்லாம் இரவு எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டன. வெயில் ஏற ஏற, மகரந்தக் கால்களோடு சேர்ந்த இதழ் வளையங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று சுழன்று விழுந்தன. ஓர் இலவம்பூவின் ஆயுள் ஓர் இரவும் ஒரு காலையும்தான். பெரியப்பாவின் ஆடுகள் வந்து விழுந்த பூக்களைத் தின்றன. வௌவால் தின்றுபோட்டதாக அவர் நினைத்த பூக்களில் பெரும்பாலானவை வேலை முடிந்து தாமாகக் கழன்றவை என்பதை அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். கிளையில், இதழ் கழன்ற இடத்தில், கிண்ணத்துக்குள் சிறு பச்சைச் சூல் அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பகலில் இத்தனை பேர் வருகிறார்களே, காய்ப்பது இவர்களால் என்று ஏன் சொல்லக்கூடாது என்பது நியாயமான கேள்வி. தாவர சாஸ்திரிகள் இதைத் தீர்க்க மிக எளிய ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். சில கொத்துகளுக்கு மாலையில் வலைப்பை கட்டிக் காலையில் அவிழ்க்கிறார்கள்; சிலவற்றுக்குக் காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கிறார்கள்; சிலவற்றை முழுதும் மூடிவைக்கிறார்கள்; சிலவற்றைத் திறந்தே விடுகிறார்கள். பிறகு எது எவ்வளவு காய்த்தது என்று எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணிக்கைக்கு முன்பே யோசித்துத் தெளியக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான பூக்களும் கிண்ணம் நிறையத் தேனும் ஒரே மரத்தில் கிடைக்கும்போது, தேனீக்கு வேறு மரத்தைத் தேடவேண்டிய அவசியம் என்ன? அது அந்த மரத்திலேயே சுற்றிச் சுற்றித் தன் சுமையை நிரப்பிக்கொண்டு கூடு திரும்பிவிடும். ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் பூக்களுக்குள்ளேயே புழங்கும். வௌவாலோ ஓரிரவில் பல கிலோமீட்டர் பறந்து, இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று மரத்துக்கு மரம் போகிற ஜாதி. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் சக்தி இலவத்தில் இடத்துக்கு இடம், மரத்துக்கு மரம் மாறுபடுகிறது. தூரத்து மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்பதே அதற்கு முக்கியமான கேள்வி. பூவின் அமைப்பைப் பார்த்தாலும் இது விளங்கும்: அந்தியில் மலர்வது, இருளில் தெரியும் வெளிறிய நிறம், புளித்த வாடை, ஏராளமான தேன், சிறகு இடறாதபடி இலையற்ற கிளையின் நுனியில் தொங்குவது ஆகிய இவையெல்லாம் யாருக்காகச் சமைத்த விருந்து?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்காரவேலனும் மாரிமுத்துவும் நம் தென்னாட்டு இலவமரங்களில் இதைச் சிரத்தையோடு ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மூன்று இனப் பழந்தின்னி வௌவால்கள் இலவத்தின் தேனை உண்ண வருகின்றன என்றும், அவற்றின் உடம்பில் அதன் மகரந்தம் செல்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். நான் பார்த்த சிறியதும் பெரியதும் அவற்றில் இரண்டு. மூன்றாவது, குகைகளிலும் பாழ்மண்டபங்களிலும் தங்கி, நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டு இருளில் வழியறிவது. அதை நான் பார்த்திருக்கலாம். என் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை.

இதைக் காட்டிலும் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது வேறொரு செய்தி. இதே இலவமரம் அமேசான் காடுகளிலும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் கானா தேசத்து இலவங்களுக்கு வௌவால்கள் வருவதை 1950-களிலேயே எழுதியிருக்கிறார்கள். அமேசானிலும் இலவத்துக்கு இரவில் வருவது வௌவால்தான். ஆனால் அது முற்றிலும் வேறு குலம். மூக்கின்மேல் இலைபோன்ற மடல் கொண்ட அந்தக் குலத்துக்கும் நம்முடைய பழந்தின்னிக் குலத்துக்கும் உறவு மிகத் தூரம். நம்முடையது பெரும்பாலும் கண்ணாலும் மூக்காலும் வழி தேடுவது. அங்குள்ளது எதிரொலியால் தேடுவது. நடுவில் ஒரு மகாசமுத்திரம் கிடக்கிறது. இரு கரையிலும் ஒரே மரம், ஒரே புளித்த வாடையை அந்தியில் விட்டு, உறவற்ற இரண்டு குலங்களைத் தன் வாசலுக்கு அழைத்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

இரண்டாம் முறை நான் கிணற்றுமேட்டுக்குப் போனது தைப்பூசத்தன்று. தீர்த்தமலைப் பக்கமிருந்து சந்திரன் எழுந்து, இலையற்ற மரத்தின் நிழல் தரையில் கோலம்போல் விழுந்திருந்தது. வௌவால்களை எதிர்பார்த்து உட்கார்ந்த எனக்கு அன்று முன்னிரவில் ஏமாற்றமே கிடைத்தது. சிறியவை அரிதாகவே வந்தன. வந்தவையும் நிலா படாத கிளைப் பக்கமாகவே வந்து போயின. ஆனால் மரம் மௌனமாக இல்லை. மேலே ஓர் ஆழ்ந்த ரீங்காரம் கேட்டது. பகலில் அதே மரத்தில் கேட்ட ரீங்காரம். முதலில் என் பிரமை என்று நினைத்தேன். தாழ்ந்த கிளைக்கு வெளிச்சத்தைத் திருப்பியபோது, இரவு ஒன்பது மணிக்கு மேல், நிலாவில், மலைத்தேனீக்கள் இலவம்பூவில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

பிற்பாடு தேடிப் படித்ததில் இரண்டுக்கும் விளக்கம் கிடைத்தது. பாறைச் சரிவிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும் நம் மலைத்தேனீ, போதிய நிலா வெளிச்சம் இருந்தால் இரவிலும் தேனெடுக்கப் புறப்படும் இயல்புடையது. ஆசியாவின் பல பகுதிகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வௌவால் குறைந்ததும் தற்செயல் அன்று. அதே மதுரை ஆய்வாளர்கள் 2002-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், ஒரு பழத்தோட்டத்துக்கு வரும் வௌவால்களை நிலவொளி தடுக்கிறது என்றும், சந்திர கிரகணம் பிடித்து இருண்டபோது அவற்றின் வரவு கூடிற்று என்றும் கண்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் ஆந்தையின் கண்ணில் பட நேரும் என்ற பயமாக இருக்கலாம். ஆகவே பகல் உத்தியோகஸ்தர், இரவு உத்தியோகஸ்தர் என்று மரத்துக்கு இரண்டே வகுப்பினர் என்று நான் வைத்திருந்த கணக்கு அன்றே கலைந்துபோயிற்று. வளர்பிறைக்கு ஒரு முறை, தேய்பிறைக்கு ஒரு முறை என்று ஒரு மாதத்துக்குள் அந்த இருவரின் எல்லை முன்னும் பின்னும் நகர்கிறது. பஞ்சாங்கம் நமக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

தேனீயைப் பற்றிச் சொல்லும்போது, தமிழ்நாட்டின் ஊர்ப்பெயர் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஓர் இரவுத் தேனீயையும் சொல்லாமல் விட மனமில்லை. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுகளை நாம் அறிவோம்; முருங்கைப் பூவிலும் அவரைப் பூவிலும் பகலில் வந்து கனமாய் உட்காரும். முருங்கை காய்ப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் இனத்தில் ஒன்று இரவில் மட்டுமே பறப்பது. நிலாவும் இல்லாத இருட்டில், நட்சத்திர வெளிச்சத்திலேயே அது பூவைத் தேடிப் போகிறது. அந்த அற்ப வெளிச்சத்திலும் அதற்கு நிறம் பிரித்தறியத் தெரியும் என்று ஹேமா சோமநாதன் முதலானோர் மகாராஷ்டிரத்துப் பீமாசங்கர் காட்டில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். நமக்கு அந்த வெளிச்சத்தில் நம் கைவிரலே தெரியாது. அந்த வண்டின் சாஸ்திரப் பெயரில் இருப்பது தரங்கம்பாடி. டேனியர் கோட்டை கட்டி வாழ்ந்த அந்தக் கடற்கரை ஊரின் பெயரை 1804-இல் ஃபப்ரீசியஸ் என்ற டேனிய அறிஞர் அதற்குச் சூட்டினார்.

இலவம் என்றால் சங்கப் புலவர்களுக்கு நினைவில் எழுந்தது எங்கள் கிணற்றுமேட்டு மரம் அன்று. செம்பூப் பூக்கும் முள்ளிலவு. இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்பதை விழாவில் ஏற்றிய விளக்குகளுக்கு அவர்கள் உவமை சொன்னார்கள். சித்தேரி மலைக்குப் போகிற வழியில் மாசியில் பார்த்தால் அந்த உவமையின் பொருத்தம் தெரியும். அதன் பூ பெரியது, தடித்தது, சிவந்தது. பறவைகளின் கண்ணுக்கென்றே வாய்த்த நிறம். காகமும் மைனாவும் கரிச்சானும் கொண்டைக்குருவியும் நெற்றியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு மரத்துக்கு மரம் போவது அங்கே பட்டப்பகலில் நடக்கிறது. இரவில் வௌவாலும் அதை விடுவதில்லை. ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு மரங்களில் ஒன்று சிவந்து பகலை அழைக்க, மற்றொன்று வெளுத்து இரவை அழைக்கிறது.

வௌவாலைக் கவிதையில் வைத்துக் கௌரவித்த பெருமையும் சங்கப் புலவருக்கு உண்டு. வேப்பம்பழம் தின்று வெறுத்துப்போய், இனிய இலுப்பைப் பழத்துக்கு ஏங்கிப் பனியில் வருந்தும் வௌவால் ஒன்றை நற்றிணையில் காண்கிறோம். இரவில் வெளியே உட்கார்ந்து பார்த்தவர் அல்லாமல் வேறு யார் இதை எழுதியிருக்க முடியும்? இலுப்பைக்கும் வௌவாலுக்கும் உள்ள பந்தம் இலவத்தைவிட நெருக்கமானது. இலுப்பை மொக்கு விரியுமுன்னரே சூல்முடி வெளியே தலைநீட்டி மகரந்தத்துக்குக் காத்திருக்கும். பூவின் சதைப்பற்றான இனிய இதழ்த்தொகுதியை வௌவால் பிடுங்கிக்கொண்டாலும் சூலுக்குச் சேதமில்லை. முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவின் சூல்முடியில் படும். ஆடிக்குள் பழம் பழுக்கும்போது, அதே வௌவால் அதைக் கவ்விப் போய்த் தூரத்தில் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். மகரந்தம் தூவுவது முதல் விதை விதைப்பது வரை ஒரே ஆள். மதுரை ஆய்வுக்கூடத்தார் 2009-இல் இதையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் அரூருக்குக் கோபாலபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, என் தந்தையார் காலத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பைகளை இப்போது விரல் விட்டு எண்ணவேண்டியிருக்கிறது. இது எனக்கு மெய்யாகவே துக்கம் தருகிறது.

இவ்வளவு உபகாரம் செய்யும் பிராணியை நாம் நடத்திய விதத்தையும் சொல்லவேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்பது அதன் பொருள். அந்தப் பட்டியல் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கிற்று. அதே 1972-இல் நடந்த இன்னொரு சம்பவமும் நினைவில் வைக்கத்தக்கது. 1948-இல் தேனிப் பக்கத்து மேகமலையில் அங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி பிடித்தனுப்பிய வௌவால் ஒன்று, சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்ற தவறான சீட்டோடு பம்பாயில் இருபத்துநான்கு ஆண்டு கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டு, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை இட்டார். இரவில் பறப்பதாலேயே நம் கண்ணெதிரில் இருப்பதும் நமக்குத் தெரியாமல் போகிறது.

வௌவால் இறைச்சி ஆஸ்துமாவுக்கு மருந்து என்று நம்பி இவற்றைச் சுடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு வைத்திய ஆதாரம் எதுவுமில்லை. 2018-இல் கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்தபோது எழுந்த பயம் நியாயமானது. அதை நான் அற்பமாகச் சொல்ல மாட்டேன். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதிருப்பதும், செத்த வௌவாலைத் தொடாதிருப்பதும், அது தங்கும் மரத்தைக் கலைக்காதிருப்பதும் அதற்குத் தக்க பாதுகாப்பு. மரத்தை வெட்டி அவற்றை ஊருக்குள் சிதறடிப்பது பயத்தைத் தீர்க்கும் வழியன்று. தங்கள் ஆலமரத்து வௌவால்கள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு என்பதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஊரு பசங்க கேப்பானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சித்திரையில் காய் வெடித்தது. ஏறிப் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. காற்றில் பறந்த பஞ்சைப் பெரியம்மாவும் பேரக் குழந்தைகளுமாகக் கிணற்றைச் சுற்றிப் பொறுக்கினார்கள். இரண்டு தலையணைக்குத் தேறிற்று, ஒன்று எனக்கு வந்தது. மர வியாபாரியின் முன்பணம் திரும்பிப் போய்விட்டது என்பதை வைகாசியில் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். பெரியப்பா அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

இந்த ஆண்டு தை பிறந்து ஐந்தாம் நாள், அதிகாலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, மேக்கால கிளையில பூ உட்டிருக்குது. ராத்திரி அவுங்க ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. நீ எப்ப வர்றே?"